கன்னத்தின் உள்ளே ஒரு வெள்ளை

நாலந்தா
14.01.2025

றிகாஸ் அவர்களுக்கு,

நான் டொக்டர் வாகினி. டிசம்பர் எட்டாம் திகதி சீகிரியா பொது மண்டபத்தில் ஓட்டோச் சாரதிகளுக்கும் ஹோட்டலில் வேலை செய்பவர்களுக்கும் வாய்ப் பரிசோதனை நடந்ததே, அன்று உங்கள் வாயைப் பார்த்த பல் வைத்தியர். இடது கன்னத்தின் உட்புறத்தில் பெருவிரல் நகமளவு ஒரு வெள்ளைத் திட்டு இருந்தது. துணியால் துடைத்தேன், போகவில்லை. இரண்டு வாரத்தில் நாலந்தா கிளினிக்குக்கு வரச் சொன்னேன். "வாறேன் மிஸ், கட்டாயம் வாறேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்குக் கதிரையை இழுத்துக் கொடுத்தீர்கள். ஐந்து வாரமாகிறது.

நீங்கள் தந்த இலக்கத்துக்கு நான்கு தரம் அழைத்தேன், யாரும் எடுக்கவில்லை. அதனால்தான் தபால்.

அந்தத் திட்டிலிருந்து சிறு துண்டு எடுத்துச் சோதிக்க வேண்டும். பெரும்பாலும் ஒன்றுமில்லாமல் போய்விடும். சில வேளை அது புற்றுநோய்க்கு முந்திய படியாக இருக்கலாம். எந்தப் படி என்பது கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடியதல்ல. சிகரெட்டை விட்டு மூன்று வருடமாக வேப் என்ற மின்சிகரெட் இழுப்பதாகச் சொன்னீர்கள். அதையும் நிறுத்துங்கள்.

இன்று தைப்பொங்கல். கிளினிக் பூட்டு. ஊருக்குப் போகவில்லை. விடுதி ஜன்னலுக்கு வெளியே குளத்தை மூடுபனி மூடியிருக்கிறது. தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. இதைக் கடிதத்தில் ஏன் எழுதினேன் என்றும் தெரியவில்லை. வாருங்கள்.

வாகினி விஜயரத்தினம்

*

சீகிரியா
25.01.2025

மதிப்புக்குரிய டொக்டர் மிஸ்ஸுக்கு,

உங்கள் கடிதம் என் கைக்கு வரவில்லை, என் மனைவி றஸ்மியாவின் கைக்குத்தான் போனது. அரசாங்கக் கடித உறையைப் பார்த்ததும் பொலிஸ் ஏதோ அனுப்பியிருக்கிறது என்று பயந்து உடைத்திருக்கிறாள். நான் சவாரி முடிந்து வந்தபோது அவள் அழவும் இல்லை, ஏசவும் இல்லை. "வாயத் திறங்க" என்றாள். போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தாள். பிறகு என் பையிலிருந்த வேப்பை எடுத்து அரிசி டின்னுக்குள் போட்டு மூடிவிட்டாள். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. மிஸ், இதெல்லாம் உங்களால் வந்தது.

நான் ஆறு வருடம் சிகரெட் குடித்தவன். வெற்றிலை தொட்டதே இல்லை. கல்யாணம் முடித்தபோது றஸ்மியாவுக்கு அந்த நாற்றம் பிடிக்கவில்லை. அந்த நேரம் என் ஓட்டோவில் ஒரு வாரம் சுற்றிய வெள்ளைக்காரர் ஒருவர், போகும்போது ஒரு வேப்பைக் கையில் வைத்து, "இது வெறும் ஆவி" என்றார். நானும் நம்பினேன். விடியற்காலை, மலை ஏறப் போனவர்கள் இறங்கி வரும்வரை அடிவாரத்தில் காத்திருப்பேன். பாறையின் இடுப்பு வரைக்கும் பனி இருக்கும். ஒரு இழுவை இழுத்து விட்டால் என் புகையும் அந்தப் பனியோடு போய்ச் சேரும். அப்போது ஓட்டோ, சவாரி, நான் எல்லாமே கரைந்து போன மாதிரி ஒரு சுகம். அது எப்படி என்று உங்களுக்குத் தெரியாது.

உங்கள் கடிதம் முழுக்க 'இருக்கலாம்' என்றுதான் சொல்கிறது. மழையும்தான் வரலாம். யானையும்தான் வரலாம். வேப்பால் கேன்சர் வரும் என்று நிச்சயமாக எழுதித் தாருங்கள், நாளைக்கே வாயைப் பிளந்துகொண்டு வருகிறேன்.

றிகாஸ்

*

நாலந்தா
02.02.2025

றிகாஸுக்கு,

நோயாளியின் விடயத்தை வேறொருவர் உடைக்கக்கூடிய உறையில் அனுப்பியது என் பிழை. மன்னித்துக்கொள்ளுங்கள். றஸ்மியாவிடமும் சொல்லுங்கள்.

நிச்சயம் கேட்டீர்கள். என்னால் தர முடியாது. வேப் உலகத்தில் பரவிப் பதினைந்து வருடமளவில்தான் ஆகிறது. வாய்ப்புற்று மெல்ல வரும் நோய், இருபது முப்பது வருடம்கூட எடுக்கும். அந்தத் திரவம் சூடாகும்போது உண்டாகும் இரசாயனங்களில் சில புற்றுநோயைத் தருபவை. வேப் மட்டும் இழுப்பவர்களின் வாய்க் கலங்களிலும், அதாவது செல்களிலும், காயம் இருப்பதைச் சில ஆய்வுகள் கண்டிருக்கின்றன. அந்தக் காயங்கள் நோயாக மாறுமா, எத்தனை பேருக்கு மாறும் என்பதற்கு இன்னும் விடை இல்லை. உங்களைப் போல முன்பு சிகரெட் பிடித்தவர்களில் எது எதனுடைய காயம் என்று பிரிப்பதும் கடினம். சிகரெட்டை விட வேப்பில் நஞ்சு குறைவு என்பதும் பொய்யல்ல. ஆனால் குறைவு என்பது இல்லை என்பதல்ல.

இவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. இதற்கு மேல் சொன்னால் பொய் சொன்னதாகிவிடும்.

ஆனால் உங்கள் கன்னத்தில் உள்ள திட்டு 'இருக்கலாம்' அல்ல. அது இருக்கிறது. நான் தொட்டுப் பார்த்தேன்.

வாகினி

*

சீகிரியா
12.02.2025

டொக்டர் மிஸ்ஸுக்கு,

உங்கள் கடிதத்தை இருவரும் சேர்ந்தே வாசித்தோம். "தெரியாதத தெரியாதுன்னு சொல்ற டொக்டர இப்பத்தான் பாக்குறேன்" என்றாள் றஸ்மியா. உங்கள் மேல் அவளுக்கு நம்பிக்கை வந்துவிட்டது. எனக்கு வேறு ஒன்று வந்தது.

நேற்று ஒரு கனவு கண்டேன். என் வாய்க்குள் பனி பெய்கிறது. நான் பேசப் பேச அது வெளியே வந்து ஊரை மூடுகிறது. கூட்டிவந்த வெள்ளைக்காரர்களைக் காணவில்லை, ஓட்டோவைக் காணவில்லை. றஸ்மியா எங்கோ நின்று கூப்பிடுகிறாள். பதில் சொல்ல வாயைத் திறந்தால் இன்னும் பனிதான் வருகிறது. வாயை மூடினால்தான் அவளைப் பார்க்கலாம், ஆனால் மூடினால் அவளுக்கு நான் இருக்கும் இடம் தெரியாது. விழித்தபோது கன்னத்தை நாக்கால் தடவிக்கொண்டிருந்தேன். சொரசொரவென்று இருந்தது.

அப்போதுதான் அன்றைக்கு மண்டபத்தில் நீங்கள் சொன்னது நினைவுக்கு வந்தது. நான் இருமினேன். நீங்கள் மாஸ்க்குக்கு மேலே கண்ணை உயர்த்தி, "மாம்பழமா, லிச்சியா?" என்று கேட்டீர்கள். நான் மாம்பழம் என்றேன். "ஐஸ் போட்டதா?" என்றும் கேட்டீர்கள். நான் நான்கு டொக்டர்மாரிடம் வாயைக் காட்டியிருக்கிறேன். ஒருவருக்கும் அந்த வாசனைக்குப் பெயர் தெரியாது.

மிஸ், தப்பாக நினைக்க வேண்டாம். நீங்களும் இழுக்கிறீர்களா? இழுத்தால், உங்கள் வாயை யார் பார்த்தது?

றிகாஸ்

*

நாலந்தா
20.02.2025

றிகாஸுக்கு,

மூன்று நாளாக உங்கள் கடிதம் மேசையில் கிடக்கிறது. முதல் நாள், இவர் யார் என்னைக் கேட்பதற்கு என்று கோபம் வந்தது. நோயாளி வைத்தியரிடம் கேட்கும் கேள்வியா இது என்று ஒரு பதிலும் எழுதினேன். அதைக் கிழித்துவிட்டேன்.

ஆம்.

இரண்டு வருடமாக. படிக்கும் காலத்துச் சிநேகிதி ஒருத்தி வெளிநாடு போகும்போது தன்னுடையதை என் கையில் தந்துவிட்டுப் போனாள். மின்ட். நான் நாலந்தாவுக்கு மாற்றலாகி வந்த மாதம் அது. இங்கே ஐந்து மணிக்குக் கிளினிக் ஓய்ந்துவிடும். அதற்குப் பிறகு பேச ஆளில்லை. ஜன்னலடியில் இருந்து இழுத்து விடுவேன். புகை கம்பிகளுக்கிடையால் போய்க் குளத்தின் பக்கம் நகரும். அந்த நேரம் நான் எங்கேயும் இல்லை, யாருக்கும் தேவையில்லை, அது எனக்கு நோகவும் இல்லை. 'உங்களுக்குத் தெரியாது' என்று எழுதியிருந்தீர்கள். எனக்குத் தெரியும், றிகாஸ். தெரிந்துகொண்டுதான் உங்களுக்கு நிறுத்தச் சொல்லி எழுதினேன். எழுதும்போது அது மேசை லாச்சிக்குள் இருந்தது.

என் வாயை யாரும் பார்க்கவில்லை. ஒரு நாளைக்கு நாற்பது வாய் பார்க்கிறேன். கண்ணாடி எப்போதும் மற்றவர் பக்கம்தான் திரும்பியிருக்கும். யாழ்ப்பாணத்தில் இருக்கும் அம்மாவுக்கு இது தெரியாது. தெரிந்தால் அவர் என்னை ஏசமாட்டார், தன்னை ஏசிக்கொள்வார். அதுதான் பயம்.

'நீங்கள் வாருங்கள், நானும் காட்டுகிறேன்' என்று எழுத ஆசை. எழுத முடியவில்லை. ஆனால் நீங்கள் என்னைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. கண்டியில் பெரிய ஆஸ்பத்திரிக்கு உங்கள் பெயரில் சிபாரிசுத் துண்டு எழுதி இதோடு வைத்திருக்கிறேன். மார்ச் ஆறாம் திகதி, வியாழக்கிழமை.

வாகினி

*

சீகிரியா
11.03.2025

டொக்டர் மிஸ்ஸுக்கு,

போனேன். உங்கள் கடிதம் வந்தபோது நான் போவதில்லை என்றுதான் இருந்தேன். றஸ்மியா வாசித்துவிட்டு, "ஒரு பொம்புள தனியா இருந்து இவ்வளவையும் ஒத்துக்கிட்டு எழுதியிருக்காங்க. ஒங்களுக்கு ஒரு ஊசிக்குப் பயமா?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு ஆம்பிளை எப்படி வீட்டில் இருப்பது?

நோன்பு காலம். அன்றைக்கு மட்டும் நோன்பு பிடிக்கவில்லை, பிறகு பிடித்துக்கொள்ளலாம். கன்னத்தில் ஊசி போட்டு ஒரு துண்டு எடுத்து மூன்று தையல் போட்டார்கள். நோவில்லை, ஆனால் அந்தச் சத்தம் மண்டைக்குள் கேட்டது. வெளியே வந்தபோது றஸ்மியா என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பஸ் ஏறும்வரை விடவில்லை.

நான்கு நாள் பேச முடியவில்லை. இப்போதும் நாக்கு உளறுகிறது, அதனால்தான் போன் எடுக்காமல் எழுதுகிறேன். வயதான ஜோடி ஒன்றைப் பாறைக்குக் கூட்டிப்போனேன். வழக்கமாக நான் வாய் ஓயாமல் கதை சொல்லிக்கொண்டு போவேன். அன்றைக்கு ஒரு சொல்கூட இல்லை. இறங்கும்போது அந்த அம்மா, இப்படி அமைதியான டிரைவரை இலங்கையில் எங்கேயும் காணவில்லை என்று நன்றி சொன்னார். இத்தனை வருடமாக நான் சொன்ன கதைகளை என்ன செய்வது?

பகல் முழுக்க நோன்பு. இழுக்கும் எண்ணமே வருவதில்லை. நோன்பு திறந்து கஞ்சி குடித்ததும் கை தானாகப் பையைத் தேடுகிறது. றஸ்மியா அரிசி டின்னிலிருந்தும் அதை எடுத்துவிட்டாள். எங்கே என்று சொல்கிறாள் இல்லை. முடிவு வர மூன்று கிழமை ஆகுமாம்.

நீங்கள் காட்டினீர்களா?

றிகாஸ்

*

நாலந்தா
22.03.2025

றிகாஸுக்கு,

நீங்கள் போனது பெரிய காரியம். வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளியுங்கள். தையல் தானாகக் கரையும்.

நான் காட்டவில்லை. பதினொரு நாள் இழுக்காமல் இருந்தேன். பன்னிரண்டாம் நாள் மழை. ஒரு முதியவரின் வாயைப் பார்த்தேன், வெற்றிலை போடுபவர். வந்திருக்க வேண்டிய காலத்துக்கு இரண்டு வருடம் பிந்தி வந்திருந்தார். கண்டிக்கு அனுப்பிவிட்டு விடுதிக்கு வந்து லாச்சியைத் திறந்தேன்.

இதற்கு மேல் எழுத வெட்கமாக இருக்கிறது.

வாகினி

*

சீகிரியா
20.04.2025

டொக்டர் மிஸ்ஸுக்கு,

முடிவு வந்தது. ஏப்ரல் மூன்றாம் திகதி. பெரிய டொக்டர் கடதாசியை வாசித்துவிட்டு, "கேன்சர் நெஹெ" என்று சிங்களத்தில் சொன்னார். றஸ்மியா அல்ஹம்துலில்லாஹ் சொல்லி எழும்பிவிட்டாள். அவர் கையைக் காட்டி உட்காரச் சொன்னார். கேன்சர் இல்லை, ஆனால் கலங்கள் மாறத் தொடங்கியிருக்கின்றன, இதை இப்படியே விட்டால் எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாது என்று விளக்கினார். நான் கேட்டேன், சிகரெட்டா, வேப்பா என்று. அவரும் உங்களைப் போலத்தான். இரண்டுக்கும் பங்கு இருக்கலாம், எவ்வளவு என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். எனக்குக் கோபம் வரவில்லை மிஸ். யாரோ ஒருவர் மேல் பழியைப் போட்டுவிட்டுப் போகலாம் என்று இருந்தேன். அப்படிப் போட ஆளில்லை.

பத்தாம் திகதி முழுத் திட்டையும் வெட்டி எடுத்துவிட்டார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தரம் காட்ட வேண்டும். எத்தனை வருடத்துக்கு என்று கேட்டேன். சிரித்தார்.

உங்களிடம் ஒன்றை மறைக்க விருப்பமில்லை. பெருநாள் அன்று அன்ஸார் வீட்டுக்குப் போனேன். அவனும் ஓட்டோக்காரன்தான். தன்னுடையதை நீட்டினான். கன்னத்தில் காயம் இருக்கும்போதே ஒரு இழுவை இழுத்தேன். முடிவு வர இன்னும் மூன்று நாள் இருந்தது. எரிந்தது. அந்த எரிச்சலோடு வீட்டுக்கு வந்து றஸ்மியாவிடம் சொன்னேன். அவள் வட்டிலப்பம் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தியை வைத்துவிட்டு, "சொன்னீங்களே, அது போதும்" என்றாள். அதற்குப் பிறகு தொடவில்லை. இன்றைக்கு இருபது நாள்.

நீங்கள் வெட்கப்பட வேண்டாம். நானும் விழுந்தவன்தான். ஆனால் நான் காட்டிவிட்டேன் மிஸ். நீங்கள் இன்னும் காட்டவில்லை.

றிகாஸ்

*

நாலந்தா
26.05.2025

றிகாஸுக்கு,

உங்கள் கடிதத்துக்கு ஒரு மாதமாகப் பதில் எழுதாததற்குக் காரணம் இருக்கிறது.

மே இரண்டாம் திகதி மாத்தளையில் எங்கள் வைத்தியர்களுக்கு ஒரு கூட்டம். அது முடிந்த பிறகு என் வகுப்புத் தோழன் சசிக்குமாரிடம், "சும்மா ஒருக்கா என்ர வாயப் பாருங்கோ" என்றேன். சிரித்துக்கொண்டே கண்ணாடியை எடுத்தான். பற்களைப் பார்த்தான். கன்னத்தைப் பார்த்தான். நாக்கைத் தூக்கச் சொன்னான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டான். வைத்தியர்கள் அப்படி மௌனமாகும் விதம் எனக்குத் தெரியும். நானே எத்தனை பேருக்கு முன்னால் அப்படி மௌனமாகியிருக்கிறேன்.

நாக்குக்கு அடியில், வலப்புறம், ஒரு சிவப்பு. மிளகளவுதான். இரண்டு கிழமை பொறுத்துப் பார்க்கச் சொன்னான். பார்த்தோம், போகவில்லை. வெள்ளையை விடச் சிவப்புக்குத்தான் பல் வைத்தியர்கள் அதிகம் பயப்படுவார்கள். அதையும் உங்களுக்கு மறைக்கவில்லை.

லாச்சியில் இருந்ததை அன்றே கொண்டுபோய்க் கழிவுப் பெட்டியில், ஊசிகளோடு போட்டேன்.

ஜூன் ஐந்தாம் திகதி கண்டிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். பஸ்ஸில் போகலாம். ஆனால் திரும்பி வரும்போது பக்கத்தில் அறியாத ஒருவர் இருப்பார், நான் வாயைப் பொத்திக்கொண்டு இருப்பேன் என்று நினைக்க முடியவில்லை. அம்மாவுக்குச் சொல்லவில்லை. கேட்கக் கூடாதுதான். நான் வைத்தியர், நீங்கள் என் நோயாளி. ஆனாலும் கேட்கிறேன். உங்கள் ஓட்டோவில் என்னைக் கூட்டிக்கொண்டு போவீர்களா? றஸ்மியாவும் வந்தால் நல்லது.

வாகினி

*

சீகிரியா
30.05.2025

டொக்டர் மிஸ்ஸுக்கு,

ஐந்தாம் திகதி விடிய ஐந்தரைக்கு உங்கள் விடுதிக் கேட்டடியில் நிற்போம். கண்டிக்குள் வாகன நெரிசல் தொடங்க முதல் போய்ச் சேர்ந்துவிடலாம். குலுக்காமல் ஓட்டுவேன்.

றஸ்மியா எழுதச் சொல்வது: "கஞ்சி ஆறவெச்சு போத்தல்ல கொண்டு வாறேன். வெட்டின பொறகு சூடா குடிக்கக் கூடாது, இவருக்குப் பாத்து எனக்குத் தெரியும். டொக்டர் மிஸ் ஒண்ணும் கொண்டு வர வேணாம்."

வாடகை பற்றிப் பேசினால் மாத்தளையில் இறக்கிவிட்டுவிடுவேன்.

றிகாஸ்

*

நாலந்தா
28.06.2025

றிகாஸுக்கும் றஸ்மியாவுக்கும்,

நேற்று முடிவு வந்தது. போனில் முதலில் உங்களிடம்தான் சொல்ல நினைத்தேன். ஆனால் எழுதித்தான் நாம் பழகியிருக்கிறோம்.

புற்றுநோய் இல்லை. கலங்களில் மாற்றமும் இல்லை. அழற்சி மட்டும்தான். வேப் காரணமாக இருக்கலாம், வேறெதுவும் காரணமாக இருக்கலாம். 'இப்போதைக்கு ஒன்றுமில்லை' என்று எழுதியிருக்கிறார்கள். இந்த வசனத்தை நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன், 'ஒன்றுமில்லை' என்பதற்கு அழுத்தம் கொடுத்து. கேட்கிறவருக்கு 'இப்போதைக்கு' என்பதுதான் கேட்கிறது என்று இப்போதுதான் தெரிந்தது. ஆறு மாதத்தில் திரும்பக் காட்ட வேண்டும். உங்களுக்கு ஜூலையில் முறை. மறக்க விடமாட்டேன்.

அன்று கண்டியிலிருந்து திரும்பி வரும் வழியில் நான் ஒன்றும் பேசவில்லை. பேச முடியாததால் என்று நினைத்திருப்பீர்கள். அது மட்டுமல்ல. மாத்தளை தாண்டியதும் மழை தொடங்கியது. நீங்கள் பக்கத் திரைகளை இறக்கிவிட்டீர்கள். வெளியே எதுவும் தெரியவில்லை, பச்சையாகவும் சாம்பலாகவும் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. மருந்தில் கண் சொக்கியது. விழித்தபோது என் தலை றஸ்மியாவின் தோளில் இருந்தது. அவர் அசையாமல் இருந்தார். எவ்வளவு நேரம் அப்படி இருந்தாரோ. ஜன்னலடியில் இருந்து புகை விடும் நாட்களில் நான் தேடியது அப்படி ஒரு மறதியைத்தான் என்று நினைக்கிறேன். ஆனால் அதில் பக்கத்தில் ஆள் இருந்ததில்லை.

நேற்றே அம்மாவுக்கும் சொன்னேன். வீடியோ அழைப்பில், எல்லாவற்றையும். இரண்டு வருடம் இழுத்தது, சிவப்பு, கண்டி, நீங்கள் இருவரும். நான் பயந்த மாதிரி அவர் தன்னை ஏசிக்கொள்ளவில்லை. மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, "வாயத் திற பிள்ளை, நான் ஒருக்காப் பாக்கிறன்" என்றார்.

"அம்மா, உதில உங்களுக்கு ஒண்டும் தெரியாது" என்றேன்.

"நீ திற."

போனை வாய்க்குக் கிட்டப் பிடித்துத் திறந்தேன். நாக்கை உயர்த்தினேன். அந்தச் சிறிய திரையில் அவருக்கு இருட்டைத் தவிர எதுவும் தெரிந்திருக்காது. ஆனாலும் கன நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். தாடை நோகும்வரை நானும் திறந்தபடியே இருந்தேன்.

அன்புடன்,
வாகினி